மிளகு ஊரில் ஷிராஸ்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் குமுளியில் மிளகுக்குப் பஞ்சமில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் மிளகு, ஏலக்காய், கிராம்புக் கடைகள்தாம். என் கணவர் மலைத்தோட்டங்களில் மிளகு வாங்கி விற்கிறவர். நான் பிறந்தது மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்துக் கூடலூரில். மாடியில் இருக்கும் அறைகளைத் தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சமையல் என் பொறுப்பு. மது விற்க எங்களுக்கு உரிமம் கிடையாது, விற்பதும் இல்லை. வருகிறவர்கள் தங்களுக்கென்று கொண்டுவரும் பாட்டிலை நாங்கள் தடுப்பதில்லை, அவ்வளவுதான். ஷிராஸ் என்ற திராட்சையில் செய்யும், அதே பெயர் கொண்ட சிவப்பு ஒயின் அந்த வழியாகத்தான் என் சமையலறைக்கு வந்தது. இப்போது நானே வாங்கி வைக்கிறேன். கறிக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம்.

எத்தனையோ சிவப்பு ஒயின்கள் இருக்க ஏன் ஷிராஸ்? அதில் மிளகு மணக்கும். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்த வாசம் எதனால் வருகிறது என்று துருவிப் பார்த்து, ரோட்டன்டோன் என்ற பொருளைப் பிடித்தார்கள். நம் கறுப்பு மிளகிலும் அதுவேதான் இருக்கிறது, ஒயினில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு கூடுதலாக. ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு: அந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது கோரைக்கிழங்கிலிருந்து. நலங்கு மாவுக்கு அரைக்கிறோமே, அதே கோரைக்கிழங்கு.

ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் கொஞ்சமும் தெரியாது என்பதையும் அதே ஆய்வு கண்டது. என் கணவர் அந்த ஐந்தில் ஒருவர் என்பது என் கணிப்பு. ஒரு மணியைக் கடித்துப் பார்த்தே மிளகு காய்ந்தது போதுமா என்று சொல்லிவிடுவார். ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்கும் என்ற லிட்டர் எடையைக் கண்பார்வையிலேயே கணிப்பார். அவரிடம் கோப்பையை நீட்டினால், "பழ வாசம் வருகிறது, மிளகு எங்கே?" என்கிறார். மிளகுக்கு வேறு வாசப்பொருள்களும் இருப்பதால் தொழிலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே, உங்களுக்கு ஷிராஸில் மிளகு தெரியவில்லை என்றால் ஒயினை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். குளிர்ந்த பகுதிகளில் விளைந்த ஷிராஸில் மிளகு வாசம் கூடுதலாகவும், வெயில் காய்ந்த இடங்களில் விளைந்ததில் பழ வாசம் முந்திக்கொண்டும் இருக்கும் என்பதும் உண்மை.

இந்தத் திராட்சையின் தாயகம் பிரான்சின் ரோன் ஆற்றங்கரை. அங்கே இதற்கு சிரா என்று பெயர். ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. 1990-களின் இறுதியில் மரபணுவைச் சோதித்தபோது துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சுத் திராட்சைகளின் பிள்ளை என்று தெரிந்தது. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சேகரித்த கொடிக் குச்சிகள் 1832-இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. ஷிராஸ் அங்கே வேரூன்ற அவையே காரணம் என்பார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையையும் அதே 1832-இல்தான் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ஒரே ஆண்டில் இரண்டு கொடிகள் இரண்டு திசையில் புறப்பட்டிருக்கின்றன!

மாடியில் தங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பது: "வழியெல்லாம் திராட்சைப் பந்தல் பார்த்தோமே, அந்தத் திராட்சையில்தான் இந்த ஒயினா?" இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. தின்னவும் சாறு பிழியவும் அருமையானது. வாசம் தூக்கலாக இருக்கும், துவர்ப்பு போதாது. ஷிராஸ் பழம் சிறியது. சாற்றின் அளவுக்குத் தோல் அதிகம். நிறமும் துவர்ப்பும் மிளகு வாசமும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. குடித்துப் பார்க்காதவர்களுக்கு அதன் சுவையைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி நாவல்பழம். நன்கு கனிந்த நாவல்பழத்தைத் தின்றபின் நாக்கில் படியும் அந்தக் கருநீல இனிப்பு, உடனே பின்தொடரும் துவர்ப்பு. அதன்மேல் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் கிராம்பு.

விலைகூடிய வெளிநாட்டு பாட்டில் வேண்டியதில்லை. நாசிக்கில் சூலா முதலிய தோட்டங்கள் ஷிராஸ் வளர்க்கின்றன. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் குரோவர் தோட்டம் இருக்கிறது. அவர்களுடைய லா ரிசர்வ் ஒயின், கேபர்நே சாவினியோன் என்ற இன்னொரு திராட்சையும் ஷிராஸும் கலந்தது. சமையலுக்கு இவை தாராளம். மிக மலிவானதை வாங்கிக் கறியில் ஊற்றுவதும், விலை உயர்ந்ததை வாங்கிக் கறியில் ஊற்றுவதும் இரண்டுமே வீண். குடித்தால் முகம் சுளிக்க வைக்காத ஒயின் எதுவோ அதுவே கறிக்கும் சரி.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மது வாங்க கேரளத்தில் 23 வயது நிரம்பியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 21. மாநில எல்லையைத் தாண்டி பாட்டில் கொண்டுபோவதற்கு இரு பக்கமும் விதிகள் உண்டு. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, எந்தப் பக்கம் சமைக்கிறோமோ அந்தப் பக்கமே வாங்கிக்கொள்வது நிம்மதி.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறை ஐரோப்பாவின் கல் வீட்டு அறை. ஷிராஸுக்கு 16 முதல் 18 டிகிரி வரை பொருத்தம். மார்கழிக் குளிரில் குமுளியில் பாட்டிலை அப்படியே திறக்கலாம். கம்பத்திலோ கூடலூரிலோ சித்திரை மாதத்தில் 'அறை வெப்பத்தில்' ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் அதே ஒயின் அடங்கிப் பழமாக மணக்கும். ரொம்பக் குளிர்ந்துபோனால் துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

இனி சமையல். நான் சொல்ல வந்ததே இதுதான்: ஒயினைத் தண்ணீர்க் கணக்கில் வைக்காதீர்கள், புளிக் கணக்கில் வையுங்கள். ஷிராஸ் சட்டிக்குள் வந்தால் புளி, குடம்புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் எல்லாம் வெளியே போக வேண்டும். ஒயினுக்குள்ளேயே புளிப்பு இருக்கிறது; கொதித்துச் சுண்டச் சுண்ட அந்தப் புளிப்பு ஏறும். தக்காளியும் போட்டு ஒயினும் ஊற்றிய கறியில் இரண்டு புளிப்பும் சண்டை போடும், ஆட்டின் சுவை காணாமல் போகும். வெள்ளைக்காரச் சமையல் குறிப்பில் தக்காளி விழுது இருக்கலாம். அவர்கள் மல்லித்தூளும் சோம்பும் போடுவதில்லை, நாம் போடுகிறோம்.

இரண்டாவது, மிளகாயைக் குறையுங்கள். எங்கள் கூடலூர்ப் பக்கத்துக் கறிக்குழம்பு காய்ந்த மிளகாய் அரைத்து ஊற்றிச் செவச்செவ என்று இருக்கும். அதோடு ஷிராஸ் குடித்தால் வாயில் தீ. மிளகாய்க் காரத்தை உணர்த்தும் நரம்புதான் சூட்டையும் உணர்த்துகிறது. ஆல்கஹால் அந்த நரம்பை இன்னும் எளிதாகத் தூண்டிவிடும். மிளகின் காரமும் அந்த நரம்பைத் தொடத்தான் செய்யும், ஆனால் அவ்வளவு மூர்க்கமாக அல்ல. அதனால் காரத்தை மிளகிடமே விட்டுவிடுவது நல்லது. மிளகுக்கும் இந்த ஒயினுக்கும் இருக்கும் உறவை மேலே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது, சட்டி. இருப்புச் சட்டியிலும் அலுமினியப் பாத்திரத்திலும் ஒயினைக் கொதிக்கவிடக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். இரும்பில் இன்னொரு கேடும் உண்டு: துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமை. கலம்காரித் துணிக்குக் கடுக்காயும் இரும்பும் கொண்டு கறுப்பு ஏற்றுவது இதே முறையில்தான். துணிக்கு நல்லது, கறிக்கு ஆகாது. அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் அல்லது பழகிய மண்சட்டி போதும்.

நான் செய்யும் கறி, பக்கத்து வீட்டுச் சேச்சி செய்யும் 'இறச்சி உலர்த்தியது' என்ற கேரள வறுவலிலிருந்து பிறந்தது. அவர் மாட்டிறைச்சியில் செய்வார். நான் வெள்ளாட்டுக் கறியில் செய்கிறேன். எலும்போடு ஒரு கிலோ, தொடையும் நல்லியுமாக வாங்கிக்கொள்ளுங்கள். துண்டுகள் பெரிதாக இருக்கட்டும். தேவையான உப்பில் பாதி, மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி கொரகொரப்பாக இடித்த மிளகு பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். தேங்காய் எண்ணெயில் ஒரு கைப்பிடி தேங்காய்ப் பல்லைச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எல்லாப் பக்கமும் நிறம் மாறும்வரை வறுத்து எடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், நிறம் வராது. பிறகு பட்டை, நான்கு கிராம்பு, இரண்டு ஏலக்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு, உரித்த சின்ன வெங்காயம் 300 கிராம், தட்டிய பூண்டும் இஞ்சியும், கறிவேப்பிலை தாராளமாக. வெங்காயம் பொன்னிறத்தையும் தாண்டிப் பழுப்பாக வேண்டும். அந்த இனிப்புதான் ஒயின் புளிப்புக்கு ஈடு. கடைசியில் இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள்.

இப்போது அரை பாட்டில், அதாவது 375 மில்லி ஷிராஸ். கறி வெளியிலேயே இருக்கட்டும். ஒயினை ஊற்றியதும் ஊதா நுரை பொங்கும், மூக்கைக் குத்தும் நெடி எழும்பும். அடியில் ஒட்டிய பழுப்புப் பசையை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்துக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் நெடி போய் வேகவைத்த பழத்தின் மணம் வரும். ஊதா நிறம் மங்கிச் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் அடி ஒரு நொடி தெரிந்து மூடும். ஒயின் பாதியாகச் சுண்டிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் குக்கர் மூடியைப் போடாதீர்கள். மூடிவிட்டால் அந்தப் பச்சை நெடி வெளியேற வழியில்லாமல் கறிக்குள்ளேயே தங்கிவிடும்.

கறியைத் திரும்பச் சேர்த்து, மூழ்கியும் மூழ்காமலும் வெந்நீர் ஊற்றி, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அவசரமென்றால் குக்கர், ஆட்டின் வயதைப் பார்த்து விசில் வையுங்கள். கறி எலும்பைவிட்டு நழுவும்போது மூடியைத் திறந்து, குழம்பு துண்டுகளின்மேல் பூசிக்கொள்ளும் அளவுக்குச் சுண்டவிடுங்கள். மீதி உப்பை இப்போதுதான் பார்த்துப் போட வேண்டும். முதலிலேயே முழு உப்பும் போட்டால் சுண்டியபின் உவர்த்துவிடும். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சுண்டைக்காய் அளவு வெல்லம். வறுத்த தேங்காய்ப் பல், பச்சைக் கறிவேப்பிலை, இன்னொரு மேசைக்கரண்டி மிளகு சேர்த்து இறக்குங்கள். முதலில் போட்ட மிளகு காரத்துக்கு. அதன் காரம் கொதித்தாலும் போகாது. இறக்கும்போது போடுவது மணத்துக்கு. அந்த மணம் ஆவியாகிவிடும் என்பதால்தான் கடைசியில். எங்கள் வீட்டில் கரிமுண்டா மிளகுதான். நீலமுண்டியும் நன்றாக இருக்கும். பொடியாக அரைத்து டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்த மிளகுத்தூளை மட்டும் போடாதீர்கள். அதில் காரம் இருக்கும், வேறொன்றும் இருக்காது.

தேங்காய்ப்பால் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. வெள்ளையும் ஊதாவும் கலந்து சாம்பல் பூத்த ஒரு நிறம் வரும். சுவை எப்படி இருந்தாலும் இலையில் வைக்கக் கை வராது.

கொதித்தால் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் கொதித்த குழம்பில் ஊற்றியதில் 35 சதவீதம் மிஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்தில் 25, இரண்டு மணி நேரத்தில் 10. ஆகையால் குழந்தைகளுக்கும், மதம், மருந்து, மனவுறுதி என்று எந்தக் காரணத்துக்காகவும் மதுவைத் தொடாதவர்களுக்கும் தெரியாமல் பரிமாறுவது தவறு. கேட்டுவிட்டே சமைக்கிறேன். வேண்டாம் என்பவர்களுக்குத் தனிச்சட்டியில் ஒயினுக்குப் பதில் ஊறவைத்த குடம்புளி ஒரு துண்டு. மற்றதெல்லாம் அப்படியே. அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

தொட்டுக்கொள்ள, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. கிழங்கு குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். சோறும் பரவாயில்லை, பரோட்டா எனக்குக் கொஞ்சம் கனம். கறியின் கொழுப்பும் புரதமும் ஒயினின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் தனியாகக் குடிக்கும்போது நாக்கை இழுத்த அதே ஒயின் இங்கே மிருதுவாக இறங்கும். வெறும் வாயில் ஒரு மிடறு, கறியோடு ஒரு மிடறு என்று மாற்றிப் பார்த்தால் உடனே தெரியும்.

மீனோடு மட்டும் வேண்டாம். மத்தியும் அயிலையும் குடம்புளியில் கொதிக்கும்போது பக்கத்தில் ஷிராஸைத் திறந்தால் வாயில் ஒரு துருப்பிடித்த மீன் நாற்றம் நிற்கும். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்துதான் அதைக் கிளப்பிவிடுகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். காய்கறி மட்டும் உண்பவர்களுக்கு இளம் பலாக்காயை வேகவைத்து உதிர்த்து, தேங்காய்ப் பல்லும் மிளகும் சேர்த்து வறுத்துக் கொடுத்துப் பாருங்கள். காளானும் ஒத்துப்போகும். பருப்புச் சாம்பாரோடு இதைக் குடிக்க நினைப்பவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை.

சேச்சியின் கிறிஸ்துமஸ் ஒயினைக் கறிக்கு ஊற்றலாமே என்று ஒருவர் கேட்டார். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது குற்றம் என்று 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை நினைவூட்டிய பிறகு, அந்த ஒயின் ஜாடியைப் பற்றி நான் சேச்சியிடம் பேசுவதில்லை. பொதுவாகச் சொன்னால், கிறிஸ்துமஸ் ஒயின் சர்க்கரை நிறையச் சேர்த்துச் செய்வது. சுண்டினால் பாகாகிவிடும். கேக்கோடு குடிக்கத்தான் அது.

திறந்த பாட்டிலில் மிஞ்சியதை மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் குடிக்கத் தாங்கும். அதற்குமேல் வைக்காமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுவேன். ஆல்கஹால் இருப்பதால் கல்லாக இறுகாது, ஆனால் கரண்டியால் எடுக்கும் அளவுக்கு நிற்கும். ஆட்டு ஈரல் வறுவலுக்கு அதில் இரண்டு கட்டி போதும். சின்ன வெங்காயத்தை வதக்கி, கட்டிகளைப் போட்டு ஈரம் வற்றியபின் ஈரலைச் சேர்த்து, பெரிய தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டி, மிளகைத் தூவி இறக்கிவிடுங்கள். அதற்குமேல் அடுப்பில் வைத்தால் ஈரல் ரப்பராகிவிடும்.